லோக்கல் கார்டியன் கட்டம்

எங்கள் ஹாஸ்டலில் சேர ஒரு படிவம் நிரப்ப வேண்டும். இரண்டு பக்கம். பெயர், ஊர், அப்பா பெயர், அப்பாவின் போன் நம்பர், ஆதார் ஜெராக்ஸ், வேலை பார்க்கும் இடத்து ஐடி கார்டு, இரண்டு போட்டோ. அடியில் ‘லோக்கல் கார்டியன்’ என்று ஒரு கட்டம், பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு. சென்னையில் எந்த லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போனாலும் கிட்டத்தட்ட இதே படிவம்தான். மேலே அச்சடித்திருக்கும் பெயர் மட்டும் மாறும். வீட்டை விட்டு வந்த ஒரு பிள்ளையால் இந்த இரண்டு பக்கத்தில் தைரியமாக நிரப்ப முடிவது பெயர் ஒன்றைத்தான். சிலருக்கு அதுவும் சிக்கல்.

பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி நான் நடத்துவது மூன்று மாடிக் கட்டிடம். ஐ.டி. கம்பெனி, பி.பி.ஓ., நர்ஸிங் என்று நாற்பது சொச்சம் பெண்கள். நான் ஆர்வலர் கிடையாது, ஊர்வலம் எதற்கும் போனதில்லை. சிவகாசிப் பக்கம் பிறந்து, கணவர் பாதியில் விட்டுப்போன கட்டிடத்தை முடித்து அதை வைத்துப் பிழைக்கிறவள். செவ்வாய்க்கிழமை சப்பாத்தி குருமா, ஞாயிற்றுக்கிழமை சிக்கன், இரவு பத்து மணிக்கு கேட், தண்ணீர் லாரிக்காரரோடு சண்டை. என் பொழுது இதிலேயே போய்விடும். வக்கீலாக இருக்கும் தோழி ஒருத்தி போன் செய்து, “ரெண்டு பொண்ணுங்க, ரெண்டு வாரம். எதுவும் கேட்காம வச்சுக்கோ” என்றாள். வைத்துக்கொண்டேன். பிறகு அவள் அனுப்பினாள், அவள் அனுப்பியவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களை அனுப்பினார்கள். பெண்ணைக் காதலிக்கும் பெண்கள், திருநம்பிகள், சமயத்தில் திருநங்கைகள்.

இப்போது இதை எழுதக் காரணம், ஹாஸ்டல் நடத்துகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டது: “இந்த மாதிரிப் பிள்ளைங்களைச் சேர்த்தா லைசன்ஸுக்குப் பிரச்சனை வருமா மேடம்?” எனக்கு இதுவரை வரவில்லை. ஆனால் குழுவில் ஒற்றை வரியில் பதில் சொல்லிவிட்டுப் போகிற விஷயமாகவும் எனக்குத் தோன்றவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கீழே வரும் பிள்ளைகளின் ஊர், வேலை, வயது எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். கோவில்பட்டி என்று இருந்தால் அது கோவில்பட்டி இல்லை. தேடுகிறவர்கள் இதையும் படிப்பார்கள்.

தெற்கிலிருந்து வருகிற பஸ்ஸெல்லாம் இப்போது கிளாம்பாக்கத்தில்தான் நிற்கிறது. விடிகாலை நாலு, நாலரைக்கு இறங்குவார்கள். கோயம்பேடாக இருந்தால் டீக்கடை வெளிச்சம், கூட்டம் என்று ஏதாவது இருந்தது. கிளாம்பாக்கம் ஏர்போர்ட் மாதிரி பளபளவென்று இருக்கும். எங்கே போவதென்று தெரியாதவருக்கு அதுவே மிரட்சி. அங்கிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக எங்கள் பக்கம் வந்து சேர்வதற்குள் ஏழு மணியாகிவிடும். தோளில் ஒரு காலேஜ் பை. அதில் இரண்டு செட் துணி, சார்ஜர், பாதி சாப்பிட்ட பிஸ்கட் பாக்கெட். சர்டிபிகேட் ஃபைல் பெரும்பாலும் இருக்காது. அது வீட்டு பீரோவில் இருக்கும், பீரோ சாவி அம்மாவிடம் இருக்கும். இந்த விஷயம் வீட்டில் தெரியவந்த அன்றைக்கே பல வீடுகளில் முதலில் பூட்டப்படுவது பிள்ளை இல்லை, பிள்ளையின் மார்க் ஷீட்.

வந்ததும் முதல் வேலை இட்லி. அடுத்தது போனும் ஏ.டி.எம். கார்டும். கோவில்பட்டிப் பெண் ஒருத்தி வந்த மறுநாள் பக்கத்துத் தெரு ஏ.டி.எம்.மில் ஐந்நூறு ரூபாய் எடுத்தாள். கணக்கு காலேஜில் சேர்ந்தபோது திறந்தது, அதோடு இணைத்த நம்பர் அப்பாவுடையது. எந்த ஏ.டி.எம்., எத்தனை மணி என்பதெல்லாம் அவர் கைக்கு உடனே போய்விட்டது. அதற்கடுத்த நாள் சாயங்காலம் ஒரு சுமோவில் சித்தப்பா, தாய்மாமா, இன்னும் இரண்டு பேர் வந்து அந்த ஏ.டி.எம்.மைச் சுற்றியுள்ள டீக்கடை, ஜெராக்ஸ் கடையெல்லாம் போட்டோவைக் காட்டி விசாரித்திருக்கிறார்கள். எங்கள் வாட்ச்மேன் அண்ணன் டீ குடிக்கப் போனவர், “தெரியாதுங்க” என்று சொல்லிவிட்டு, டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தார். அன்றிலிருந்து யார் வந்தாலும் அந்தக் கார்டை வாங்கி என் மேசை டிராயரில் போட்டுவிடுகிறேன்.

ஆதாரும் இதே கதைதான். இ-ஆதார் இறக்கலாம் என்றால் ஓ.டி.பி. அப்பாவின் போனுக்குப் போகும். ஆதார் சேவை மையத்துக்கு நேரில் போய், கைரேகை வைத்து, போன் நம்பரை மாற்ற வேண்டும். அதற்கு வேறு ஆவணம் எதுவும் கேட்பதில்லை. நம்பர் மாறிவிட்டால் பாதிக் கதவு திறந்த மாதிரி. டிஜிலாக்கரில் பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட்டுகளை இறக்கிக்கொள்ளலாம். புது வங்கிக் கணக்கு திறக்கலாம். ஆனால் வங்கியில் ஏ.டி.எம். கார்டைக் கிளையிலேயே வாங்கிக்கொள்வதாக எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் கார்டு, ஆதாரில் உள்ள ஊர் விலாசத்துக்குத் தபாலில் போய் நிற்கும்.

எல்.ஜி.பி.டி. இளைஞர்களுக்கு, அதாவது இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு, வீடு என்று பேசுகிறவர்கள் கட்டில், கூரை, காவல் என்றுதான் பேசுகிறார்கள். கட்டில் என்னிடம் இருக்கிறது. இந்த ஊரில் கட்டிலுக்குப் பஞ்சமே இல்லை, ஐ.டி. பக்கம் வேலையாட்களைக் குறைத்த பிறகு பாதி ஹாஸ்டல்களில் ‘வேகன்சி’ போர்டு தொங்குகிறது. அந்தக் கட்டில் வரை வந்து சேரவும், சேர்ந்தபின் ஆறு மாதம் அதில் நிலைக்கவும் ஆகிற பாடு வேறு. அதற்குக் காகிதம் வேண்டும், முன்பணம் வேண்டும், போலீஸ் வந்தால் பேச ஒரு பெரிய மனுஷி வேண்டும்.

போலீஸ் வரும். ஊரில் ‘பெண்ணைக் காணவில்லை’ என்று புகார் கொடுத்திருப்பார்கள், சில சமயம் அதோடு நகையையும் காணவில்லை என்று சேர்த்திருப்பார்கள். இதற்காகவே என் டிராயரில், அந்த ஏ.டி.எம். கார்டுகளுக்குக் கீழே, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு ஒன்றின் பிரதி இருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்கள், ஒருவருக்கு வயது 22, இன்னொருவருக்கு 20, தொடுத்த வழக்கு அது. இரண்டு வீட்டிலும் தனித்தனியாகக் காணவில்லை புகார். போலீஸ் விசாரணை என்ற பெயரில் தொல்லை கொடுக்கக்கூடாது என்று கேட்டு அவர்கள் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, 2021 ஜூன் 7-இல் உத்தரவு போட்டார். வயது வந்தவர்கள், தங்கள் விருப்பப்படிதான் வந்தார்கள் என்று தெரிந்தால் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு புகாரை முடித்துவிட வேண்டும், தொந்தரவு செய்யக்கூடாது என்று அதில் இருக்கிறது. ஒருவரின் பாலீர்ப்பை மருத்துவம் பார்த்து மாற்ற முயல்வதையும் அதே உத்தரவு தடை செய்தது. மறு வருடமே போலீஸார் நடத்தை விதிகளில் 24-சி என்று ஒன்றைத் தமிழ்நாடு அரசு சேர்த்தது: இந்தப் பிள்ளைகளையும் இவர்களுக்கு உதவுகிறவர்களையும் போலீஸார் துன்புறுத்தக்கூடாது. அந்த ‘உதவுகிறவர்கள்’ என்பதில் நானும் வருகிறேன் என்று தோழி சொன்னபோது எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

உத்தரவு இருக்கிறது என்பதற்காக எல்லா ஸ்டேஷனிலும் அதைப் படித்திருப்பார்கள் என்று சொல்லமாட்டேன். அதனால் நாங்கள் முந்திக்கொள்கிறோம். பிள்ளை வந்த அன்றைக்கே கைப்பட ஒரு கடிதம்: எனக்கு இத்தனை வயது, என் விருப்பத்தில்தான் வந்தேன், யாரும் கடத்தவில்லை, நகை எதுவும் எடுக்கவில்லை, பத்திரமாக இருக்கிறேன். வயதுச் சான்றோடு ஊர் ஸ்டேஷனுக்கும் மாவட்ட எஸ்.பி. அலுவலகத்துக்கும் ஸ்பீட் போஸ்ட். விலாசம் வக்கீலுடையது. சித்தப்பா ஸ்டேஷன் வாசலில் நிற்பதற்குள் தபால் போய்ச் சேர்ந்தால் பாதிப் பிரச்சனை அங்கேயே தீர்ந்துவிடும்.

எல்லாப் பெற்றோரும் சுமோவில் வருவதில்லை. வக்கீல் மூலமாகப் பேசி, பெண் சம்மதித்த பிறகு, ஒரு அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். ஆபீஸ் அறையில் உட்கார வைத்தேன். அப்பா பேசவே இல்லை. சுவரில் மாட்டியிருந்த மெஸ் மெனுவை முழுக்கப் படித்தார், பிறகு மறுபடி முதலிலிருந்து படித்தார். அம்மா அறையைப் பார்க்க வேண்டும் என்றார். மாடிக்குக் கூட்டிப்போனேன். மகளைப் பார்த்ததும் அழுவார் என்று எதிர்பார்த்தேன். கட்டிலை அழுத்திப் பார்த்தார், தலையணை உறையை முகர்ந்தார், பாத்ரூம் கதவின் தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்தார், அப்புறம் என் பக்கம் திரும்பி, “ஃபேன் இப்படிச் சத்தம் போடுதே, நீங்க ரிப்பேர் பண்ண மாட்டீங்களா? இவளுக்குச் சத்தம் இருந்தா தூக்கம் வராது” என்றார். மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது சர்டிபிகேட் ஃபைலை மட்டும் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார். ஃபேனுக்கு கண்டென்ஸர் மாற்றினேன். சத்தம் போகவில்லை, புது ஃபேனே போட வேண்டியதாகிவிட்டது.

நான் பார்த்த வரையில் இந்த ஊரில் இடம் கிடைப்பது மிகவும் கஷ்டம் திருநம்பிகளுக்குத்தான். பெண்ணாகப் பிறந்ததாக வீட்டில் எழுதி வைத்த, ஆனால் தன்னை ஆணாக உணரும் பிள்ளைகள். ஆதாரில் பெண் என்று இருக்கும்வரை பாய்ஸ் ஹாஸ்டலில் சேர்க்கமாட்டார்கள். சேர்த்தாலும் பொதுக் குளியலறை உள்ள இடத்தில் அவனுக்குப் பாதுகாப்பு கிடையாது. லேடீஸ் ஹாஸ்டலில் சேரலாம், ஆனால் கிராப்பு வெட்டி, சட்டை பேண்ட் போட்டு நடமாடினால் மற்ற பெண்களின் பெற்றோர் எனக்குப் போன் போடுவார்கள். “ஆம்பளப் பையன் மாடியில நிக்கறானாமே மேடம்.” அப்படி வந்த ஒருவனுக்கு மொட்டை மாடியை ஒட்டிய ஒற்றை அறையைக் கொடுத்தேன். முன்பு கேஸ் சிலிண்டரும் பழைய கட்டிலும் போட்டு வைத்திருந்த அறை. தனி பாத்ரூம் உண்டு. என்னை எல்லோரும் ஆன்ட்டி என்பார்கள், அவன் மட்டும் முதலில் மேடம், மேடம் என்பான். மெஸ் அக்கா அவனைத் “தம்பி, தட்டை எடுத்துட்டுப் போ” என்று ஒருநாள் சாதாரணமாகக் கூப்பிட்டதற்கப்புறம் அவனும் ஆன்ட்டிக்கு வந்துவிட்டான்.

ஹார்மோன் சிகிச்சை ஆரம்பித்துக் குரல் உடைய ஆரம்பித்தது. அவன் சந்தோஷப்பட்டான். எனக்கு உள்ளே கணக்கு ஓடியது. என் லைசன்ஸ் பெண்கள் விடுதிக்கானது. 2014-ஆம் வருடத்து விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தில் கலெக்டர் கொடுப்பது. கட்டிட உறுதி, தீயணைப்பு, சுகாதாரம், சமையலறை என்று ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ் வைத்து வாங்கியது. தாடி முளைத்த ஒருவனை எத்தனை நாள் அந்தக் கூரைக்குள் வைத்திருக்க முடியும்? அவனுக்கும் அது தெரியும். தாடி வந்தபின் லேடீஸ் ஹாஸ்டலில் இருப்பது அவனுக்கே பிடிக்கவும் இல்லை. போவதற்கு இடம் வேண்டும், அவ்வளவுதான்.

திருநங்கைகளுக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது. ஊரை விட்டு வருகிறவளை ஒரு மூத்த திருநங்கை மகளாக எடுத்துக்கொள்வார். அம்மா, நானி (பாட்டி) என்று உறவு கிளைக்கும். ஒரு வீடு, ஒரு பாய், ஒரு தட்டு சோறு உறுதி. அதற்கென்று கட்டுப்பாடுகளும், கொடுக்க வேண்டிய கணக்குகளும் உண்டு, எல்லோருக்கும் ஒத்துவராது. என்னிடம் வந்த ஒருத்திக்கு ஒத்துவரவில்லை. கடை கடையாய்க் காசு கேட்கப் போகமாட்டேன், பி.காம். முடிக்க வேண்டும் என்றாள். ஆனாலும் போய் நிற்க ஒரு வாசல் என்று இருந்தது. திருநம்பிகளுக்கும், பெண்ணைக் காதலிக்கும் பெண்ணுக்கும், பையனைக் காதலிக்கும் பையனுக்கும் அப்படிப் பரம்பரையாக வந்த வாசல் எதுவும் கிடையாது.

அரசாங்கம் செய்யவே இல்லை என்று சொன்னால் தப்பு. திருநங்கையர் நல வாரியத்தை 2008-லேயே அமைத்தது தமிழ்நாடு. மத்திய அரசின் ‘கரிமா கிரஹ்’ இல்லங்கள் இருக்கின்றன. முதலாவது 2020 நவம்பரில் வதோதராவில் திறந்தது, சென்னையிலும் ஒன்று வந்தது. ஒரு இல்லத்தில் 25 பேர். தங்க இடம், சாப்பாடு, மருத்துவம், தொழிற்பயிற்சி எல்லாம் உண்டு. பல இல்லங்களுக்குப் பணம் மாதக்கணக்கில் வராமல், நடத்துகிறவர்கள் வாடகைக்கும் அரிசிக்கும் கடன் வாங்கிய செய்திகளும் வந்தன. மளிகைக் கடையில் பாக்கி வைத்து ஒரு மெஸ்ஸை ஓட்டுவது என்னவென்று எனக்குத் தெரியும், அதனால் நடத்துகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அவை திருநர்களுக்கு, அதாவது திருநங்கைகள், திருநம்பிகளுக்கு, மட்டுமானவை. மற்றவர்களுக்கு? 2021 உத்தரவிலேயே அதற்கும் வழி சொல்லியிருந்தார்கள்: குறுகிய காலத் தங்கும் இல்லங்கள், அங்கன்வாடி தங்குமிடங்கள், கரிமா கிரஹ் எல்லாவற்றையும் இந்தச் சமூகத்தில் யார் வந்தாலும் தங்குகிற மாதிரி மாற்ற வேண்டும், 12 வாரத்துக்குள் வசதி செய்ய வேண்டும் என்று. என் வாசலுக்கு இன்னமும் பிள்ளைகள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

பையன்களை நான் சேர்க்க முடியாது. தேனிப் பக்கத்திலிருந்து ஒரு பையன், வீட்டில் யாரோ ஒரு டாக்டரிடம் கூட்டிப்போய் ‘சரிபண்ண’ மாத்திரை வாங்கிக் கொடுத்து, அவன் வகுப்பில் தூங்கித் தூங்கி விழுந்து, கடைசியில் கிளம்பி வந்துவிட்டான். அப்படி மருத்துவம் பார்ப்பது தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் மாநில கவுன்சில்களுக்கு எழுதிவிட்டது. அதெல்லாம் அவனுக்கு எங்கே தெரியும்? எனக்குத் தெரிந்த ஒருவர் பாய்ஸ் பி.ஜி. நடத்துகிறார். உண்மையைச் சொல்லித்தான் கேட்டேன். “வாடகை கரெக்டா வருமாக்கா?” என்று மட்டும் கேட்டார். நான் பொறுப்பு என்றேன். சேர்த்துக்கொண்டார். அனுதாபமாகப் பத்து வார்த்தை பேசிவிட்டு இடம் இல்லை என்றவர்களை விட இவர் எவ்வளவோ மேல்.

பதினெட்டு ஆகாத பிள்ளைகள் போன் செய்வார்கள். இதில்தான் எனக்கு வயிற்றைப் பிசையும். பதினாறு, பதினேழு வயது, அழுகை, “நாளைக்குக் கிளம்பி வரட்டா ஆன்ட்டி?” வா என்று சொல்ல முடியாது. பதினெட்டுக்குக் கீழ் உள்ளவரைப் பெற்றோருக்குத் தெரியாமல் கூட்டி வைத்திருந்தால் கடத்தல் வழக்கு, பையனானாலும் பெண்ணானாலும். ஆதரவில்லாமல் வந்து நிற்கும் குழந்தையைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்கோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது சிறார் நீதிச் சட்டம். மறைத்தால் அதுவே குற்றம். அந்தக் குழுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அந்தப் பிள்ளையின் விதி. புரிந்தவர்களாக இருந்தால் பாதுகாப்பான இல்லம் பார்ப்பார்கள். இல்லையென்றால் அறிவுரை சொல்லி அதே வீட்டுக்கு அனுப்பிவைப்பார்கள். நான் செய்வது ஒன்றுதான்: போனை வைக்காமல் பேசுவேன், அடி உதை இருக்கிறதா என்று கேட்பேன். இருந்தால் 1098 பற்றிச் சொல்லி, என் வக்கீல் தோழியை லைனில் சேர்ப்பேன். இல்லையென்றால், பரீட்சை எழுது, சர்டிபிகேட்டைப் பத்திரப்படுத்து, உன் பெயரில் உன் நம்பரில் ஒரு கணக்குத் திற, பதினெட்டு முடியட்டும் என்பேன். இதைச் சொல்லும்போது எனக்கே என் குரல் பிடிக்காது.

சரி, பணத்துக்கு வருவோம். மூன்று பேர் ஷேரிங் என்றால் எங்களிடம் சாப்பாட்டோடு 7,500 ரூபாய். இந்தப் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு மாதம் நான் கேட்பதில்லை, ஆனால் நோட்டில் எழுதி வைப்பேன். தர்மம் என்று ஆரம்பித்தால் நான் மூன்றே பேரோடு நின்றுவிடுவேன். கடன் என்று வைத்தால் திரும்பி வரும், அடுத்தவருக்கு ஆகும். பெரும்பாலும் வந்துவிடுகிறது. வேலை முதலில் துணிக்கடை, சூப்பர் மார்க்கெட் பில்லிங், கால் சென்டர் என்று எது கிடைத்தாலும். மார்க் ஷீட் கைக்கு வந்ததும் நல்ல வேலைக்கு மாறுவார்கள். நாலாவது மாதத்தில்தான் ஒரு சரிவு வரும். ஓடிவந்த வேகம், பயம் எல்லாம் அடங்கி, ஊர்த் திருவிழா போட்டோவை யாராவது ஸ்டேட்டஸில் போட, அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிட வராமல் படுத்திருப்பார்கள். வந்த முதல் வாரத்தில் எல்லோரும் விசாரிப்பார்கள். இந்த நாலாவது மாதத்தில் யாரும் விசாரிப்பதில்லை. மெஸ் அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: யார் இரண்டு வேளை தட்டு எடுக்கவில்லையோ அவர் பெயரை என்னிடம் சொல்ல வேண்டும். ஆலோசகரிடம் அனுப்புவதெல்லாம் அதற்கப்புறம்.

ஆறேழு மாதத்தில் வெளியே வீடு பார்க்கக் கிளம்புவார்கள். அங்கே அடுத்த மதில். சென்னையில் அட்வான்ஸ் பத்து மாதம் கேட்டுப் பழகியவர்கள். 2017-ஆம் வருடத்து வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்கிறது. ‘வேறு உடன்பாடு இல்லாதபட்சத்தில்’ என்று அதிலேயே ஒரு சந்தும் விட்டிருக்கிறது, எல்லா ஓனரும் அந்தச் சந்தில்தான் வண்டி ஓட்டுகிறார்கள். அப்புறம் புரோக்கரின் முதல் கேள்வி: “ஃபேமிலியா, பேச்சிலரா?” இரண்டு பெண்கள் சேர்ந்து எடுத்தால் அக்கா தங்கை என்று சொல்லித் தப்பலாம், ஜாடை பார்க்காத ஓனராக இருந்தால். 2024 ஆகஸ்டில் மத்திய அரசு, ஒரே பாலின இணையர் ஒரே குடும்பமாக ரேஷன் கார்டில் சேரலாம், வங்கியில் கூட்டுக் கணக்கு வைக்கத் தடையில்லை என்று தெளிவுபடுத்தியது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் அமர்வு, திருமணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் வழி இல்லை என்று சொல்லி, பெற்றோர் பிடித்து வைத்திருந்த 25 வயதுப் பெண்ணை அவள் விருப்பப்படி போக விட்டது. இதையெல்லாம் அடுக்கிச் சொல்லி ஒரு மேடவாக்கம் ஓனரிடம் வீடு கேட்டுப் பாருங்கள். அவர் கேட்பது ஒன்றுதான்: “பெரியவங்க யாராவது வந்து பேசுவாங்களா?”

அந்தப் பெரியவங்க நான்தான். பட்டுப்புடவை இல்லை, ஆனால் நல்ல காட்டன் புடவையாகக் கட்டிக்கொண்டு, வெற்றிலைத் தாம்பூலம் வைக்காத குறையாகப் போய் உட்கார்ந்து, “நம்ம பிள்ளைங்கதாங்க, என் ஹாஸ்டல்ல இருந்தவங்க, ஒரு மாசம் வாடகை லேட்டானதில்லை” என்று சொல்லிவிட்டு வருவேன். ஹாஸ்டல் ஓனர் சொன்னால் வீட்டு ஓனர் கேட்பார். வாட்ஸ்அப் குழுவில் கேட்டவருக்கு என் பதிலும் இதுதான். உங்களிடம் காலியாக இருக்கும் ஒரு கட்டில், படிவத்தில் லோக்கல் கார்டியன் கட்டத்தில் நீங்களோ உங்களுக்குத் தெரிந்த வக்கீலோ போடும் ஒரு கையெழுத்து, இரண்டு மாதப் பொறுமை. லைசன்ஸ் காகிதமும் சிசிடிவியும் சரியாக இருக்கட்டும், பதினெட்டு முடிந்ததற்குச் சான்று இருக்கட்டும், ஊர் ஸ்டேஷனுக்குத் தபால் போகட்டும். உங்கள் ஹாஸ்டலில் ஏற்கெனவே இப்படி இரண்டு பேராவது இருப்பார்கள், உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்கள்.

மொட்டை மாடி அறைக்காரன் இப்போது இன்னும் நாலு பேரோடு சேர்ந்து வீடு எடுத்திருக்கிறான், இரண்டு படுக்கையறை, மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தேனிப் பையனும் அங்கேதான். அட்வான்ஸுக்கு ஐந்து பேரும் போட்டது போக மீதியை நான் கைமாற்றாகக் கொடுத்தேன். அதில் இருபதாயிரம் இன்னும் வரவேண்டும். கேட்டால் “அடுத்த மாசம் ஆன்ட்டி” என்கிறான். போன வாரம் ஃப்ரிட்ஜ் வாங்கியிருக்கிறார்கள், இ.எம்.ஐ.யில், டபுள் டோர். இது எனக்கு மெஸ் அக்கா சொல்லித்தான் தெரியும். பால் காய்ச்சியதற்கு அவரை மட்டும் கூப்பிட்டிருக்கிறார்கள், ஆன்ட்டி வந்தால் கணக்குக் கேட்பார் என்று.